நோட் ஜேஎஸ் எங்கிருந்து தொடங்குவது? பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக் கணக்கை வைத்து ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பி.சி.ஏ. முடித்துவிட்டீர்கள். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். வீடு பாலக்கோட்டில், கையில் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் ஃபுல் ஸ்டாக் (ப்ரௌசர் பக்கம், சர்வர் பக்கம் இரண்டும்) சொல்லித் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கிறது. நோட் (ப்ரௌசருக்கு வெளியே, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது), எக்ஸ்பிரஸ் (நோட்டில் சர்வர் எழுதுவதை எளிதாக்குவது), மாங்கோடிபி (ஒரு டேட்டாபேஸ்), ரியாக்ட் (ப்ரௌசரில் தெரியும் பக்கத்தைக் கட்டுவது) நான்கில் எதை முதலில் எடுப்பது, பணத்தைக் கட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: மாமா தக்காளி மண்டி நடத்துகிறார், வரவு செலவெல்லாம் நோட்டுப் புத்தகத்தில், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்கிறார், பட்டனும் டேபிளும் போட முடிகிறது, ஆனால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் எல்லாம் போய்விடுகிறது.

என் பார்வையில் அந்தக் கடைசி வரிதான் கேள்வி. ரீஃப்ரெஷ் செய்தால் ஏன் போகிறது, போகாமல் இருக்க எங்கே வைக்க வேண்டும், அந்த இடத்தோடு ப்ரௌசர் எப்படிப் பேசும்? இது புரிந்துவிட்டால் நான்கில் எது முதலில் என்பது தானாகவே விளங்கும். புரியாமல் நான்கையும் படித்தால், வீடியோவில் வந்த புராஜெக்டை அப்படியே தட்டச்சு செய்து முடித்த திருப்தி மட்டும்தான் மிஞ்சும்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் இருக்கிறேன். இங்குள்ள சிறிய தொழிற்சாலைகளுக்கும் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கும் சரக்கு வரவு, எடை, பட்டுவாடா இவற்றுக்கான மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. சர்வர் பக்கம் பல வருடமாக நோட்தான். ஆகவே நோட் எப்படி ஓடுகிறது, புதிதாக வருபவர்களுக்கு எங்கே கால் இடறும் என்பதை உறுதியாகச் சொல்வேன். எந்த டேட்டாபேஸ், எந்த ஃபிரேம்வொர்க் என்பதெல்லாம் என் கருத்து. இன்னொருவர் வேறு மாதிரி சொன்னால் அவரும் சரியாக இருக்கலாம். வேலை கிடைக்குமா என்பதில் என் பேச்சு இன்னும் பலவீனம். ஆள் எடுக்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். நீங்கள் ப்ரௌசரில் எழுதும் ஜாவாஸ்கிரிப்டும் நோட்டில் எழுதுவதும் ஒரே மொழிதான். இஃப், ஃபார் லூப், ஃபங்ஷன், அர்ரே எல்லாம் அப்படியே. மாறுவது மொழியைச் சுற்றியிருக்கும் உலகம். ப்ரௌசரில் டாக்குமென்ட், விண்டோ இருக்கும். பட்டனைப் பிடித்து நிறத்தை மாற்றலாம். நோட்டில் பக்கமே கிடையாது, அதனால் டாக்குமென்டும் கிடையாது. பதிலுக்கு ஃபைலைத் திறக்கலாம், நெட்வொர்க்கில் காது வைத்துக் காத்திருக்கலாம், டேட்டாபேஸோடு பேசலாம். ப்ரௌசருக்கு எழுதிய கோடை எடுத்துப் போய் நோட்டில் ஓட்டி, டாக்குமென்ட் இஸ் நாட் டிஃபைன்ட் என்று திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் சர்வருக்கு வந்தது ஏதோ சமீபத்திய புதுமை என்றும் பலர் நினைக்கிறார்கள். மொழி பிறந்தது 1995இல். அதை உண்டாக்கிய நெட்ஸ்கேப் நிறுவனமே தொண்ணூறுகளில் சர்வரிலும் அதை ஓட்டிப் பார்த்தது. அப்போது எடுபடவில்லை. கூகுள் 2008இல் குரோமோடு வி8 என்ற வேகமான ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை வெளியிட, அடுத்த வருடம் ரயன் டால் அந்த எஞ்சினை ப்ரௌசரிலிருந்து கழற்றி, ஃபைலோடும் நெட்வொர்க்கோடும் பேசும் வசதியைச் சேர்த்தார். அதுதான் நோட்.

அடுத்தது, எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை. தினமும் பார்க்கும் ஏதாவது ஒரு தளத்தை குரோமில் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற தாவலுக்குப் போய் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். வரிசையாக ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு ரிக்வெஸ்ட், அதற்கு ஒரு ரெஸ்பான்ஸ். ஒன்றைக் கிளிக் செய்தால் கெட் (விவரம் கேட்பது) என்ற வகையா போஸ்ட் (விவரம் அனுப்புவது) என்ற வகையா, எந்த முகவரி, என்ன ஹெட்டர், திரும்பி வந்த எண் 200ஆ 404ஆ என்று எல்லாம் தெரியும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒன்று இல்லை. 400இல் தொடங்கினால் தவறு கேட்டவர் பக்கம், 500இல் தொடங்கினால் சர்வர் பக்கம். எந்த மொழியில் எழுதினாலும் சர்வரின் வேலை இவ்வளவுதான்: கேட்பதை வாங்கு, பதிலைக் கொடு, மறந்துவிடு. அடுத்த ரிக்வெஸ்டை அனுப்புவது அதே ஆள்தானா என்பதுகூட அதற்குத் தானாகத் தெரியாது. குக்கீ, லாகின் என்று நாம் பாடுபடுவதெல்லாம் அந்த மறதியைச் சமாளிக்கத்தான். ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதை உட்கார்ந்து பார்ப்பவர் மிகக் குறைவு. பார்த்தவர்களுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் சட்டென்று பிடிபடுகிறது.

சரி, இன்ஸ்டால். நோட் தளத்தில் எல்டிஎஸ் என்று போட்டிருக்கும் பதிப்பை எடுங்கள். நீண்ட நாள் பராமரிப்பு கிடைக்கும் பதிப்பு அது. இதுவரை 18, 20, 22, 24 என்று இரட்டைப்படை எண்களுக்கே அந்தத் தகுதி கிடைத்து வந்திருக்கிறது. முதல் புரோகிராமில் எக்ஸ்பிரஸ் வேண்டாம். நோட்டோடு கூடவே வரும் ஹெச்டிடிபி மாட்யூலை எடுத்து, கிரியேட்சர்வர் என்று ஒரு ஃபங்ஷன் கொடுத்து, 3000 என்ற போர்ட்டில் (கணினிக்குள் வரும் வாசலின் எண்) லிசன் சொன்னால் பத்து வரிக்குள் ஒரு சர்வர் ஓடும். ப்ரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்), முக்காற்புள்ளி, 3000 என்று போட்டால் நீங்கள் எழுதிய வாசகம் வரும். கோடை மாற்றினால் மட்டும் போதாது, நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும் என்பது முதல் ஆச்சரியமாக இருக்கும். டாஷ் டாஷ் வாட்ச் என்று சேர்த்து ஓட்டினால் நோட்டே பார்த்துக்கொள்ளும், அதற்காக வீடியோக்களில் வரும் நோட்மான் என்ற பேக்கேஜ் தனியாகத் தேவையில்லை. அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ் என்று வந்தால், பழைய சர்வர் இன்னொரு டெர்மினல் ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வெறும் சர்வரில் இரண்டு முகவரிகளை வைத்துப் பாருங்கள்: ஒன்று இன்றைய ரேட்டைக் காட்டட்டும், மற்றொன்று லோடு வரவை வாங்கிக்கொள்ளட்டும். வாங்கும்போதுதான் ஒன்று தெரியவரும். ப்ரௌசர் அனுப்பும் விவரம் மொத்தமாக வந்து விழாது, துண்டு துண்டாக வரும். நாம்தான் சேர்த்து, முடிந்ததும் பிரிக்க வேண்டும். அலுப்பான வேலை. ஒரு முறை செய்துவிடுங்கள். எக்ஸ்பிரஸ் எந்த அலுப்பைத் தீர்க்க வந்தது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

இனி நோட்டின் உயிர்நாடியான விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க நோட்டில் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற ஒற்றை வரிசையில், ஓடுகிறது. அப்படியானால் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் எப்படித் தாங்கும்? மாமாவின் மண்டியிலேயே விடை இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஒருவர்தான். ஒரு வண்டி வந்ததும் பெயரை எழுதிக்கொண்டு, இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்காரரிடம் திரும்பிவிடுவார். பெட்டி இறங்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். எடை போட்டு முடித்த ஆள் வந்து சொன்னதும் அந்தச் சீட்டை எழுதிக் கொடுப்பார். காத்திருப்பதெல்லாம் வேறு இடத்தில் நடக்கிறது, அவர் கை மட்டும் ஓயாமல் ஓடுகிறது. நோட்டும் அப்படித்தான். ஃபைல் படிப்பு, டேட்டாபேஸ் கேள்வி, இன்னொரு சர்வருக்குப் போகும் ரிக்வெஸ்ட் இவற்றை வெளியே கொடுத்துவிட்டு, முடிந்த தகவல் வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தச் சுழற்சிக்குப் பெயர் ஈவென்ட் லூப். இப்போது யாராவது அந்தக் கணக்குப்பிள்ளையிடம் போன வருட மொத்தத்தையும் இப்போதே கூட்டிச் சொல் என்று கேட்டுவிட்டால்? வரிசையில் நிற்கும் அத்தனை வண்டியும் அப்படியே நிற்கும். நோட்டில் ஒரு ரிக்வெஸ்டுக்குள் பெரிய லூப் ஓட்டினாலோ, ரீட்ஃபைல்சிங்க் மாதிரி சிங்க் என்று முடியும் ஃபங்ஷனைக் கூப்பிட்டாலோ அதேதான் நடக்கும். சர்வர் தொடங்கும்போது ஒரு முறை சிங்க் பயன்படுத்தினால் தப்பில்லை. ரிக்வெஸ்டுக்குள் கூடாது.

சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால், ஒரு முகவரியில் கோடிக்கணக்கில் சுற்றும் வெட்டி லூப் ஒன்றை வைத்து, அதை ஒரு தாவலில் திறந்துவிட்டு, இன்னொரு தாவலில் சாதாரண பக்கத்தைத் திறந்து பாருங்கள். சாதாரண பக்கமும் தொங்கும். அப்புறம் லூப்பை எடுத்துவிட்டு ஐந்து விநாடி கழித்துப் பதில் அனுப்பும்படி செட்டைம்அவுட் வைத்துப் பாருங்கள். இப்போது மற்ற பக்கம் உடனே வரும். கண்ணால் பார்த்த பிறகு மறக்காது.

இதே காரணத்தால்தான் நோட்டில் எங்கு பார்த்தாலும் அசிங்க், அவெய்ட் என்று இருக்கிறது. வெளியே கொடுத்த வேலை முடிந்ததும் தொடர்வதை எழுதும் முறை, முதலில் கால்பேக், 2015இல் பிராமிஸ், 2017இல் அசிங்க் அவெய்ட் என்று மொழியில் படிப்படியாக வளர்ந்தது. நீங்கள் அவெய்ட்டிலேயே தொடங்கலாம், மற்ற இரண்டையும் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். தொடக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பங்கு அவெய்ட் போட மறந்ததால் வருவது. டேட்டாபேஸிலிருந்து விவசாயி பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறி ஜோடி வந்தால், அல்லது ஆப்ஜெக்ட் பிராமிஸ் என்று எழுதி வந்தால், வேறெங்கும் தேடாதீர்கள். இன்னொரு பிரபலமான எர்ரர், ஹெட்டர்களை அனுப்பிய பிறகு மாற்ற முடியாது என்று சொல்வது. ஒரே ரிக்வெஸ்டுக்கு இரண்டு முறை பதில் அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் இஃபுக்குள் பிழைப் பதிலை அனுப்பிவிட்டு ரிட்டர்ன் போடாமல் விட்டிருப்பீர்கள், கோட் கீழே ஓடி மறுபடியும் அனுப்பியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ். 2010இலிருந்து இருக்கிறது, பழையது, சிறியது, எங்கே தேடினாலும் உதவி கிடைக்கும். அதே வேலைக்கு அதைவிட வேகமானவை உண்டு, ஃபாஸ்டிஃபை நல்லதுதான், ஆனால் கற்பதற்கு எக்ஸ்பிரஸ் என்பது என் தேர்வு. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஃபார்மிலிருந்து வரும் விவரத்தைப் பிரிக்க ஒரு மிடில்வேர் (ரிக்வெஸ்ட் நம் கோடுக்கு வருமுன் இடையில் நின்று வேலை செய்யும் ஃபங்ஷன்), ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் வருவதைப் பிரிக்க இன்னொரு மிடில்வேர். இரண்டையும் நாம்தான் சொல்லிச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் பாடி அன்டிஃபைன்ட் என்று நிற்கும். மற்றது பதிப்பு. 2014இல் வந்த 4ஆம் பதிப்பு பத்து வருடம் ஆட்சி செய்தது, வீடியோக்களில் பெரும்பாலானவை அதை வைத்தே எடுக்கப்பட்டவை. இப்போது இன்ஸ்டால் செய்தால் 5 வரும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று வெறும் நட்சத்திரக் குறி போடும் பழைய பாதை 5இல் எர்ரர் தரும். நன்மையும் உண்டு: அசிங்க் ஃபங்ஷனுக்குள் பிழை நேர்ந்தால் 5ஆம் பதிப்பே பிடித்து எர்ரர் ஹேண்ட்லரிடம் ஒப்படைக்கிறது, 4இல் அதை நாமே பிடிக்க வேண்டும். ஆகவே எந்த வீடியோ பார்த்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள். ரிக்வயர், இம்போர்ட் என்ற இரண்டு வழிகளில் மாட்யூலைக் கொண்டுவருவதும் இதே காலக் குழப்பம்தான். புதிதாக எழுதுவதற்கு இம்போர்ட், பேக்கேஜ் ஜேசனில் டைப் என்ற இடத்தில் மாட்யூல். ரிக்வயரைக் கண்டால் பழைய வழி என்று புரிந்துகொண்டால் சரி.

நோட்டுக்கான பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிய கோடை, இறக்கித் தரும் என்பிஎம் பற்றிச் சுருக்கமாக. ஒரு கட்டளையில் யாரோ எழுதிய கோடைக் கொண்டுவந்து ஓட்டுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். 2016இல் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் நீக்கிவிட, அதை நம்பியிருந்த எத்தனையோ புராஜெக்டுகள் பில்ட் ஆகாமல் நின்றன. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற, ஏறக்குறைய எல்லோரும் மறைமுகமாகப் பயன்படுத்தும் பேக்கேஜ்களிலேயே, பராமரிப்பாளரை ஏமாற்றிக் கணக்கைப் பிடித்துத் திருட்டுக் கோடைச் சேர்த்துவிட்டார்கள். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. நோட்டிலேயே இருப்பதற்குப் பேக்கேஜ் போடாதீர்கள், பெயரை ஒரு எழுத்து பிசகாமல் தட்டச்சு செய்யுங்கள், எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை அழிக்காதீர்கள். பேக்கேஜ்கள் வந்து சேரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை, கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றவும் வேண்டாம்.

இப்போது மாமாவின் கணக்கு. பயிற்சி நிலையத்தோடு நான் முரண்படும் இடம் இதுதான். மாங்கோடிபி மோசமானதல்ல, ஆனால் மண்டிக் கணக்குக்கு அதை எடுக்க மாட்டேன். விவசாயி, லோடு, வியாபாரி, கமிஷன், அட்வான்ஸ், பட்டுவாடா என்று எல்லாமே ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. முன்பணம் வாங்கிய விவசாயிக்கு மூன்று லோடு வந்த பிறகு பாக்கி எவ்வளவு என்ற கேள்விக்கு டேபிள்களும் எஸ்க்யூஎல்லும்தான் இயல்பாகப் பொருந்தும். கல்லூரியில் படித்த எஸ்க்யூஎல் வீணாகவில்லை. தொடக்கத்துக்கு எஸ்க்யூலைட் போதும். தனியாக சர்வர் ஓட வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், உங்கள் 4 ஜிபி லேப்டாப்பில் சத்தமில்லாமல் ஓடும். நோட் 22இலிருந்து அதற்கான மாட்யூல் நோட்டுக்குள்ளேயே வருகிறது; தொடக்கத்தில் அது சோதனை நிலையில் விடப்பட்டது, அதனால் எச்சரிக்கை வாசகம் ஒன்று தெரிந்தால் பதற வேண்டாம். பிறகு போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பக்கம் போகலாம். பெயரையோ எண்ணையோ எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ப்ளஸ் போட்டு ஒட்டாதீர்கள். கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஃபார்மில் யாராவது குறும்பாக எதையாவது எழுதி டேபிளையே காலி செய்துவிட முடியும்.

பணம், எடை, நேரம் மூன்றிலும் ஜாவாஸ்கிரிப்ட் உங்களைக் கவிழ்க்கும். இதை எந்தத் தொடக்கநிலை வீடியோவிலும் அழுத்தமாகச் சொல்லக் காணோம். ஃபார்மிலிருந்து வருவதெல்லாம் எழுத்தாகத்தான் வரும், எண்ணாக அல்ல. 25 கிலோவையும் 30 கிலோவையும் அப்படியே கூட்டினால் 55 வராது, 2530 வரும். நம்பராக மாற்றுங்கள், மாற்றியது உண்மையிலேயே எண்தானா என்றும் பாருங்கள். பணத்தை ரூபாயில் புள்ளி வைத்துச் சேமிக்காதீர்கள், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று சொல்லும். எல்லாவற்றையும் பைசாவில் முழு எண்ணாக வைத்து, காட்டும்போது மட்டும் நூறால் வகுங்கள். நேரம்தான் மண்டிக்கு ஆபத்தானது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதிகாலை 4 மணிக்கு வந்த லோடு சர்வர் கணக்கில் முந்தைய நாள் இரவு 10.30. உங்கள் லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கும், சர்வரில் ஏற்றியதும் விடியற்காலை லோடு முழுக்க நேற்றைய கணக்கில் போய் உட்காரும். மண்டியில் எந்த நாள் கணக்கு என்பதை ஆண்டு, மாதம், நாள் என்று தனி எழுத்துத் தொடராகச் சேமித்துவிடுங்கள். அந்த நாளைக் கண்டுபிடிக்கும்போது ஏசியா கொல்கத்தா நேர மண்டலம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ரியாக்ட்? இப்போது வேண்டாம். லோடு எழுத ஒரு ஃபார்ம், அன்றைய பட்டியல் ஒரு டேபிள், விவசாயிவாரி பாக்கி ஒரு பக்கம். இதற்கு சர்வரே ஹெச்டிஎம்எல்லை உருவாக்கி அனுப்பினால் போதும், இஜேஎஸ் மாதிரி ஒரு டெம்ப்ளேட் உதவும். ஃபார்ம் போஸ்ட் ஆகும், சேமிக்கும், பட்டியல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்ப மறந்தால், மாமா ரீஃப்ரெஷ் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதே லோடு இன்னொரு தடவை ஏறும்! வேலைச் சந்தையில் ரியாக்ட் கேட்கிறார்கள் என்பது உண்மை, அதைப் படிக்க வேண்டியும் வரும். ஆனால் சர்வர் என்ன அனுப்புகிறது என்று தெரிந்த பிறகு படித்தால் பாதி நேரம் மிச்சம்.

லாகின் வைக்கும்போது பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது. பீகிரிப்ட் அல்லது நோட்டிலேயே உள்ள எஸ்கிரிப்ட் கொண்டு ஹாஷ் செய்யுங்கள் (திரும்பக் கண்டுபிடிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றுவது), அசிங்க் வடிவத்தில். இந்த ஹாஷ் வேண்டுமென்றே மெதுவாக வைக்கப்பட்டது, சிங்க் வடிவத்தில் கூப்பிட்டால் மேலே சொன்ன கணக்குப்பிள்ளை நின்றுவிடுவார். ரகசியச் சாவிகள் என்வ் ஃபைலில் இருக்கட்டும், அந்த ஃபைல் கிட்ஹப்புக்குப் போகாமல், ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் அதன் பெயர் இருக்கட்டும்.

இணையத்தில் ஏற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வருவீர்கள். கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன், ஓடவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அது அசையாத பக்கங்களுக்கான இடம், நோட்டை ஓட்டாது. இலவசமாக நோட் ஓட்டித் தரும் சேவைகள் உண்டு. யாரும் வராதபோது தூங்கிவிடும், முதல் ஆளுக்குப் பக்கம் வரச் சில பல விநாடி ஆகும். அவற்றில் பலவற்றில் டிஸ்க் நிரந்தரமல்ல, மறுபடி டெப்ளாய் செய்ததும் (புதிய கோடை ஏற்றியதும்) எஸ்க்யூலைட் ஃபைல் காணாமல் போகும். விளையாட்டுக்குச் சரி, மாமாவின் கணக்குக்குச் சரிப்படாது. அதற்குச் சின்னதாக ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து, உபுன்டு லினக்ஸ் போட்டு, வரும் ரிக்வெஸ்டை வாங்கி நோட்டுக்குக் கொடுக்க முன்னால் என்ஜின்எக்ஸ், பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்டில் இலவசச் சான்றிதழ், நோட் விழுந்தால் தூக்கிவிட சிஸ்டம்டி அல்லது பிஎம்2, தினமும் டேட்டாபேஸ் பேக்கப். ஒவ்வொன்றும் தனியாகக் கற்க வேண்டியது, அவசரம் இல்லை. அதற்கு முன்பே ஒன்று செய்யலாம். லேப்டாப்பும் மாமாவின் ஃபோனும் ஒரே வைஃபையில் இருந்தால், லேப்டாப்பின் ஐபி முகவரியோடு 3000 சேர்த்து ஃபோனில் திறந்தால் பக்கம் வரும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். அவர் தன் ஃபோனில் ஒரு லோடு எழுதிப் பார்த்து, இதில் இதுவெல்லாம் இல்லையே என்று சொல்லத் தொடங்கினால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். விவசாயி பெயரில் மூன்று முருகேசன் வருவார்கள், ஊர்ப் பெயர் தனிக் கட்டமாக வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

லேப்டாப் போதுமா என்றால், போதும். நோட் சாப்பிடும் நினைவகம் குறைவு. ராமைத் தின்பது குரோமின் தாவல்களும் விஎஸ் கோடின் எக்ஸ்டென்ஷன்களும். மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கரை இப்போதைக்குத் தொடாதீர்கள். லினக்ஸ் போட மனம் இருந்தால் இன்னும் லேசாக ஓடும்.

பயிற்சிக் கட்டணத்துக்கு வருகிறேன். அந்த நிலையத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டேன். பாடமாக அவர்கள் சொல்லப்போவது எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது என்பது உறுதி: எம்டிஎன் என்ற இணைய ஆவணத் தளத்தில் ஜாவாஸ்கிரிப்டும் ஹெச்டிடிபியும் (ப்ரௌசரும் சர்வரும் பேசும் முறை), நோட்டின் சொந்தத் தளத்தில் கற்றல் பகுதி. ஆங்கிலம் கடினம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கங்களின் ஆங்கிலம் திரும்பத் திரும்ப ஒரே சொற்களில் ஓடுவது, சில வாரத்தில் பழகிவிடும். பணத்துக்குக் கிடைக்கக்கூடியது ஒழுங்கான நேரம், கூடப் படிக்கும் ஆட்கள், சந்தேகத்துக்கு உடனே பதில். இவை இல்லாமல் உங்களால் முடியாது என்று உங்களுக்கே தோன்றினால் அது நியாயமான செலவுதான். வேலை உத்தரவாதம் என்று சொன்னால் மட்டும் எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து, போன வருடம் முடித்தவர்கள் இருவரிடமாவது பேசிவிட்டுக் கட்டுங்கள். என் கருத்து: கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் மண்டிக் கணக்கு ஓடத் தொடங்கியிருந்தால், எது தெரியவில்லை என்று உங்களுக்கே பட்டியல் போட முடியும். பெங்களூரில் நோட் வேலைகள் இருக்கின்றன. அனுபவமில்லாதவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது, அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்பதை நான் சொன்னால் அது ஊகம். ஜாவா, பிஹெச்பி தெரிந்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஹெச்டிடிபி, எஸ்க்யூஎல், லினக்ஸ் இந்த மூன்றும் எந்த மொழிக்குப் போனாலும் கூட வரும்.

நோட்டைப் போலவே ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் டீனோ, பன் இரண்டில் எதையாவது நேரடியாகப் படிக்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். டீனோ நோட்டை உருவாக்கிய அதே ரயன் டால் 2018இல் அறிமுகப்படுத்தியது. பன் 2023இல் 1.0 ஆனது. இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் சிக்கிக்கொண்டால் தேடிக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை நோட்டுக்கானவை, அதனால் தொடங்குபவருக்கு நோட்தான் என்பேன். கருத்துதான், சட்டமில்லை.

ஏஐயிடம் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எர்ரர் வாசகத்தை ஒட்டி, இது என்ன சொல்கிறது என்று கேளுங்கள், நன்றாக விளக்கும். முழு மண்டிச் சாஃப்ட்வேரையும் எழுதித் தா என்றால் அதுவும் தரும், ஆனால் விடியற்காலை லோடு நேற்றைய கணக்கில் போனதும் எங்கே கை வைப்பது என்று உங்களுக்குத் தெரியாது.

வெறும் ஹெச்டிடிபி சர்வரையும் அந்த லூப் சோதனையையும் முடித்ததும் இங்கேயே எழுதுங்கள், டேபிள்களை எப்படிப் பிரிப்பது என்று பார்க்கலாம். எழுதும்போது நோட் பதிப்பு எண்ணையும் எர்ரரை முதல் வரி முதல் கடைசி வரி வரை எழுத்தாகவும் ஒட்டுங்கள். திரையை ஃபோனில் படம் பிடித்துப் போட்டால், சரியாக நமக்கு வேண்டிய வரிதான் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.